தடைப்பட்டியல் பதில் சொல்லாதபோது

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய அலுவலகத்தின் மின்னஞ்சல் சர்வரைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் இருந்தது. பழைய கணினிக்கு வயதாகிவிட்டதால், டேட்டா சென்டர் ஒன்றில் வாடகைக்கு எடுத்த புதிய சர்வருக்கு எல்லாவற்றையும் மாற்றினோம். அஞ்சல் போனது, வந்தது. ஸ்பேம் வடிகட்டியும் ஓடிக்கொண்டிருந்தது. லாக் கோப்பில் ஒரு பிழைச் செய்தி கூட இல்லை. ஆனால் மூன்றே வாரத்தில் எல்லோரும் ஒரே புகாரோடு வந்தார்கள்: குப்பை அஞ்சல் கொட்டுகிறது.

வடிகட்டியின் விதிகளை இறுக்கினேன். ஒவ்வோர் அஞ்சலுக்கும் வடிகட்டி ஸ்பேம் மதிப்பெண் தரும்; எத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் போனால் ஸ்பேம் என்ற வரம்பைக் குறைத்தேன். குப்பை கொஞ்சம் குறைந்தது. கூடவே வாடிக்கையாளர்கள் அனுப்பிய நல்ல அஞ்சல்களும் ஸ்பேம் பெட்டிக்குள் போய் விழுந்தன. கோளாறு விதிகளில் இல்லை என்று புரிய இன்னும் இரண்டு நாள் ஆனது. ஒவ்வோர் அஞ்சல் வரும்போதும் வடிகட்டி வெளியே ஓரிடத்தில் ஒரு கேள்வி கேட்கும். சர்வரை மாற்றிய நாளிலிருந்தே அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் வரவில்லை. பதில் வராததை, அனுப்பியவர் மேல் குறை ஒன்றும் இல்லை என்று வடிகட்டி எடுத்துக்கொண்டது.

வரன் பார்ப்பவர்கள் பையனைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். விசாரித்த வீட்டில் கதவே திறக்கவில்லை என்றால், 'யாரும் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை' என்று திரும்பி வந்து சொல்ல முடியுமா? வடிகட்டிகள் பெரும்பாலும் அதைத்தான் செய்கின்றன. இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் டிஎன்எஸ் தடைப்பட்டியல் பழுதுகளில் பாதி விளங்கிவிடும்.

கேள்வி எப்படிக் கேட்கப்படுகிறது

ஸ்பேம் அனுப்பும் கணினிகளின் ஐபி முகவரிகளைத் தொகுத்து வைத்திருப்பதுதான் தடைப்பட்டியல். பால் விக்ஸியின் மேப்ஸ் என்ற ஸ்பேம் எதிர்ப்பு அமைப்பு 1997இல் தொடங்கிய ஆர்பிஎல் என்ற பட்டியல் இந்த வகையில் முன்னோடி. ஆரம்பத்தில் அது ரூட்டர்களுக்கான வழித்தடத் தகவலாகப் பகிரப்பட்டது. பிறகு, எந்த அஞ்சல் சர்வரும் டிஎன்எஸ் வழியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி மாற்றினார்கள். மறு ஆண்டே ஸ்டீவ் லின்ஃபோர்டு ஸ்பேம்ஹவுஸைத் தொடங்கினார். இன்றும் சிறிய சர்வர்கள் பலவற்றில் முதலில் சேர்க்கப்படும் பட்டியல் அதனுடைய 'ஜென்'தான்.

டிஎன்எஸ் என்பது இணையதளப் பெயர்களை ஐபி முகவரிகளாக மாற்றித் தரும் ஏற்பாடு. அதைப் போய் ஏன் பட்டியல் பார்க்கப் பயன்படுத்தினார்கள்? ஏனென்றால் அது எல்லாச் சர்வரிலும் ஏற்கெனவே இருந்தது. ஒரு சிறிய கேள்வி, ஒரு சிறிய பதில், அவ்வளவே. ஒருமுறை கிடைத்த பதிலைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்துக்கொள்ளும் வசதியும் அதில் உண்டு. புதிதாக எதையும் நிறுவாமல், பட்டியல் முழுவதையும் தரவிறக்காமல், தேவையான ஒரு முகவரியை மட்டும் கேட்டுக்கொள்ளலாம். எனக்கு இன்றும் வியப்பைத் தரும் எளிமை இது.

கேட்கும் முறை இப்படி. 192.0.2.99 என்ற முகவரியிலிருந்து ஓர் அஞ்சல் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்களைத் தலைகீழாகத் திருப்பி, பின்னால் பட்டியலின் பெயரைச் சேர்க்க வேண்டும்: 99.2.0.192.ஜென்.ஸ்பேம்ஹவுஸ்.ஆர்க். இப்படி ஒரு பெயர் இருக்கிறதா என்று டிஎன்எஸ்ஸிடம் கேட்பதுதான் தேடல். (கட்டளைகளையும் பெயர்களையும் இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன், கணினியில் ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யுங்கள்.)

ஏன் தலைகீழாக? கடிதத்தின் மேல் முகவரி எழுதும்போது வீட்டு எண், தெரு, ஊர் என்று சிறியதிலிருந்து பெரியதற்குப் போகிறோம். தொலைபேசி எண்ணில் 044 என்று ஊரில் தொடங்கி வீட்டில் முடிக்கிறோம். டிஎன்எஸ் பெயர் கடித முகவரியைப் போன்றது; ஐபி முகவரி தொலைபேசி எண்ணைப் போன்றது. ஒன்றை மற்றொன்றோடு ஒட்டவைக்கத் திருப்பித்தான் ஆக வேண்டும். கையால் சோதிக்கும்போது திருப்ப மறந்துவிட்டு, பட்டியல் வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதலில் அதைச் சரிபாருங்கள்.

பதில் இரண்டு விதம். அந்த முகவரி பட்டியலில் இல்லையென்றால் 'என்எக்ஸ்டொமைன்' என்று வரும். அப்படி ஒரு பெயரே இல்லை என்பது அதன் பொருள். இருந்தால் 127 என்று தொடங்கும் ஒரு முகவரி வரும். 127இல் தொடங்கும் முகவரிகள் ஒரு கணினி தனக்குள் பேசிக்கொள்வதற்காக ஒதுக்கப்பட்டவை, வெளியே எங்கும் போகாதவை. அதனால் அவற்றைக் குறியீடாகப் பயன்படுத்துவதில் ஆபத்து இல்லை.

கடைசி எண் காரணத்தைச் சொல்லும். ஜென் பட்டியலில் 127.0.0.2 என்றால் ஸ்பேம் அனுப்புவதாக உறுதிசெய்யப்பட்ட முகவரி. 127.0.0.4 என்றால் வைரஸ் தொற்றியோ வேறு வகையில் கைப்பற்றப்பட்டோ இருக்கும் கணினி. 127.0.0.10, 127.0.0.11 ஆகிய இரண்டையும் தனியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அவை பிபிஎல் என்ற பகுதியைச் சேர்ந்தவை: வீட்டு இணைய இணைப்புகளுக்கும் கைபேசி இணைப்புகளுக்கும் கொடுக்கப்படும் முகவரிகள். அங்கிருந்து யாரும் நேரடியாக அஞ்சல் சர்வருக்கு அஞ்சல் கொண்டுவரத் தேவையில்லை என்பதுதான் அதன் பொருள். அந்த வீட்டுக்காரர் மேல் அதில் எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. இந்த வேறுபாடு பின்னால் நமக்குத் தேவைப்படும்.

இரண்டு சோதனை எண்கள்

பட்டியலோடு நம் சர்வர் உண்மையிலேயே பேசுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஸ்பேம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2010இல் வெளியான ஆர்எஃப்சி 5782 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் இதற்கு ஓர் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. ஐபி முகவரிகளுக்கான எந்தத் தடைப்பட்டியலிலும் 127.0.0.2 என்ற முகவரி எப்போதும் இருக்க வேண்டும், 127.0.0.1 என்ற முகவரி ஒருபோதும் இருக்கக்கூடாது. முதலாவதைக் கேட்டால் 'ஆம்' வரவேண்டும், இரண்டாவதைக் கேட்டால் 'இல்லை' வரவேண்டும்.

ஆகவே சர்வரில் 'டிக்' என்ற கட்டளையை எடுத்து, முதலில் 2.0.0.127.ஜென்.ஸ்பேம்ஹவுஸ்.ஆர்க் என்று கேளுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் 127.0.0.2, 127.0.0.4, 127.0.0.10 என்று பதில்கள் வரும். பிறகு 1.0.0.127 என்று தொடங்கி அதே கேள்வியைக் கேளுங்கள். என்எக்ஸ்டொமைன் வரவேண்டும்.

முதல் சோதனை தவறினால் ஸ்பேம் உள்ளே வரும். இரண்டாவது தவறினால் அஞ்சலே வராது. ஒன்றை மட்டும் சோதித்துவிட்டுத் திருப்தியடையாதீர்கள்.

இந்தச் சோதனையை எங்கிருந்து செய்கிறோம் என்பதும் முக்கியம். உங்கள் மடிக்கணினியில் கேட்டு நல்ல பதில் வந்தால், மடிக்கணினி நலமாக இருக்கிறது என்று மட்டும்தான் பொருள். வடிகட்டி எந்தச் சர்வரில், எந்த டாக்கர் கன்டெய்னருக்குள் (ஒரே கணினியில் நிரல்களைத் தனித்தனியாக அடைத்து ஓட்டும் பெட்டி) ஓடுகிறதோ அதற்குள்ளேயே நின்று கேட்க வேண்டும். நான் இழந்த இரண்டு நாளில் ஒரு நாள் இப்படித்தான் போனது. என் மேசைக் கணினியில் எல்லாம் சரியாகவே வந்துகொண்டிருந்தது.

பொது ரிசால்வர்: பெரும்பாலோர் சிக்கும் இடம்

புதிய சர்வருக்குள் நுழைந்து கேட்டபோது எனக்கு வந்த பதில் 127.255.255.254. ஜென் பட்டியலின் குறியீடுகளில் ஸ்பேமைச் சுட்டும் எண் எதுவும் இப்படி இருக்காது. இது ஸ்பேம்ஹவுஸ் நமக்கு எழுதி அனுப்பும் குறிப்பு: 'நீங்கள் ஒரு பொது ரிசால்வர் வழியாகக் கேட்கிறீர்கள், இந்த வழியில் பதில் சொல்ல மாட்டோம்.'

ரிசால்வர் என்பது நம் சார்பில் டிஎன்எஸ் கேள்விகளைக் கொண்டுபோய்ப் பதில் வாங்கி வரும் சர்வர். கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1, குவாட்நைனின் 9.9.9.9 ஆகியவை யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய பொது ரிசால்வர்கள். வீட்டில் இணையம் பார்க்க அவை நன்றாகவே உதவும். ஆனால் தடைப்பட்டியல் நடத்துபவரின் பக்கம் நின்று பாருங்கள். குறைந்த அளவில் கேட்கும் சிறிய சர்வர்களுக்கு இலவசம், மொத்தமாகக் கேட்கும் பெரிய நிறுவனங்களுக்குக் கட்டணம் என்பது அவர்களுடைய ஏற்பாடு. யார் எவ்வளவு கேட்கிறார்கள் என்பதைக் கேள்வி வரும் ஐபி முகவரியை வைத்துத்தான் கணக்கிட முடியும். கூகுளின் ரிசால்வர் வழியாக வரும் கேள்விக்குப் பின்னால் பத்து ஊழியர் உள்ள அலுவலகம் இருக்கிறதா, பத்து லட்சம் வாடிக்கையாளர் உள்ள நிறுவனம் இருக்கிறதா என்று அவர்களுக்குத் தெரியாது. அதனால் அந்த வாசலையே மூடிவிடுகிறார்கள். இதில் அவர்கள் மேல் எனக்குக் குறையில்லை. இலவசமாகக் கிடைக்கும் ஒன்று தொடர்ந்து கிடைக்க வேண்டுமானால் இப்படி ஒரு வரம்பு வேண்டும்.

நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஒவ்வொரு பட்டியலும் மறுப்பை ஒவ்வொரு விதமாகச் சொல்கிறது. ஸ்பேம்ஹவுஸ் 127.255.255.254 என்று சொல்கிறது. பட்டியலின் பெயரைப் பிழையாக எழுதியிருந்தால் அதே வரிசையில் 252 என்று முடியும். அளவுக்கு மீறிக் கேட்டால் 255 என்று முடியும். அஞ்சலுக்குள் இருக்கும் இணைப்புகளின் டொமைன்களைச் சோதிக்கும் யூஆர்ஐபிஎல் பட்டியல் 127.0.0.1 என்று சொல்கிறது. வேறு சில பதிலே அனுப்பாமல் விட்டுவிடும், அல்லது கேள்வியை ஏற்க மறுக்கும்.

எங்கள் வடிகட்டியான ஸ்பேம்அசாசின் இந்த மறுப்பைக் கண்டுபிடித்தால் லாக்கில் சிவப்புக் கொடி காட்டாது. அஞ்சலின் தலைப்புப் பகுதியில், எந்தெந்த விதி பொருந்தியது என்று எழுதும் வரியில், 'யூஆர்ஐபிஎல்_பிளாக்ட்' என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டுப் போய்விடும். அதற்கு மதிப்பெண் 0.001. அஞ்சலின் தலையெழுத்தை மாற்ற அது போதாது; நிர்வாகியின் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக மட்டுமே வைத்தது. எங்கள் அலுவலகத்துக்கு வந்த ஒவ்வோர் அஞ்சலிலும் மூன்று வாரமாக அந்தச் சொல் இருந்தது. மின்னஞ்சல் செயலிகள் தலைப்புப் பகுதியை மறைத்தே காட்டுவதால் யாரும் பார்க்கவில்லை. உங்களிடம் இப்போதே ஸ்பேம்அசாசின் ஓடுகிறது என்றால், அண்மையில் வந்த ஏதாவது ஓர் அஞ்சலைத் திறந்து 'மூலத்தைக் காட்டு' என்று கேட்டு, 'பிளாக்ட்' என்ற சொல்லைத் தேடுங்கள். ஒரு நிமிட வேலைதான்.

சரிசெய்யும் வழி: சர்வரிலேயே சொந்தமாக ஒரு ரிசால்வரை நிறுவிக்கொள்வது. நான் அன்பவுண்ட் என்ற ரிசால்வர் நிரலைப் பயன்படுத்துகிறேன். நிறுவியதும் பெரும்பாலும் அப்படியே வேலை செய்யும். அது யாரையும் நடுவில் வைக்காமல், டிஎன்எஸ்ஸின் வேரிலிருந்து தொடங்கி, பட்டியலின் சொந்தச் சர்வர்வரை தானே நடந்து போய்க் கேட்கும். அப்போது கேள்வி உங்கள் ஐபி முகவரியிலிருந்தே போகும். உங்கள் அளவு உங்களுக்கு மட்டுமே கணக்காகும்.

இங்கேதான் வழுக்கும் இடங்கள் பல இருக்கின்றன.

சொந்த ரிசால்வரை நிறுவிவிட்டு, அதன் அமைப்பில் 'கேள்விகளை 8.8.8.8க்குத் தள்ளிவிடு' என்று ஒரு வரி விட்டுவைத்தால் பழைய நிலைதான். அப்படித் தள்ளிவிடும் வரிகள் இருக்கின்றனவா என்று அமைப்புக் கோப்புகளை முழுவதும் பாருங்கள். உபுண்டு போன்ற லினக்ஸ்களில், எந்த ரிசால்வரைக் கேட்பது என்று குறித்து வைக்கும் 'ரிசால்வ்.கான்ஃப்' கோப்பைத் திறந்தால் 127.0.0.53 என்று இருக்கும். பார்ப்பதற்கு உள்ளூர் ரிசால்வர் போலத் தோன்றும். அது லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி வைத்திருக்கும் ஒரு தரகர் மட்டுமே. கேள்வியை வாங்கி, டேட்டா சென்டர் சொன்ன ரிசால்வருக்கு அனுப்பிவிடும். டேட்டா சென்டரின் ரிசால்வரும் ஆயிரக்கணக்கானோர் பகிர்வதுதான், அதனால் அதுவும் மறுக்கப்படலாம்.

டாக்கரில் ஓடுபவர்களுக்குத் தனி எச்சரிக்கை. தாய்க் கணினியின் ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் 127இல் தொடங்கும் முகவரி மட்டும் இருந்தால், கன்டெய்னருக்குள்ளிருந்து அதை எட்ட முடியாது என்று டாக்கர் கருதி, இயல்பாகவே கூகுளின் 8.8.8.8ஐ வைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. தாய்க் கணினியில் அன்பவுண்ட் அழகாக ஓடிக்கொண்டிருக்கும். வடிகட்டியோ கூகுளிடம் கேட்டுக்கொண்டிருக்கும். கன்டெய்னருக்குள் நின்று சோதியுங்கள் என்று முன்பு சொன்னதன் காரணம் இதுதான்.

டெபியன் லினக்ஸில், அஞ்சலை வாங்கி அனுப்பும் நிரலான போஸ்ட்ஃபிக்ஸின் சில பகுதிகள் 'சிரூட்' என்ற அடைப்புக்குள் ஓடும். அந்த அடைப்புக்குள் ரிசால்வ்.கான்ஃப் கோப்பின் நகல் ஒன்று தனியாக இருக்கும். நீங்கள் வெளியே மூலக் கோப்பைத் திருத்தினாலும், போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்தித் திரும்பத் தொடங்கும்வரை உள்ளே பழைய நகல்தான். ஸ்பேம்அசாசினும் நீண்ட நேரம் ஓடிக்கொண்டே இருக்கும் நிரல். ரிசால்வரை மாற்றினால் அஞ்சல் தொடர்பான எல்லாவற்றையும் ஒருமுறை மறுதொடக்கம் செய்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் 254 வரலாம். வாடகைச் சர்வர்களின் ஐபி முகவரிக்கு நிறுவனம் தானாக வைத்த பொதுப்படையான பெயர் இருக்கும். கேட்பவர் யாரென்று அந்தப் பெயரிலிருந்து தெரியாவிட்டால் ஸ்பேம்ஹவுஸ் அதையும் பொது ரிசால்வரைப் போலவே நடத்துகிறது. முகவரிக்கு உங்கள் டொமைனைச் சேர்ந்த பெயரை வைத்துவிட்டால் இது தீர வாய்ப்பு உண்டு. அஞ்சல் சர்வருக்கு அது எப்படியும் வேண்டியதே. இல்லையென்றால், ஸ்பேம்ஹவுஸில் பதிவு செய்து டிக்யூஎஸ் சேவைக்கான சாவி ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். குறைந்த பயன்பாட்டுக்கு அதுவும் இலவசம். அந்தச் சாவி பட்டியலின் பெயரோடு சேர்ந்தே போவதால், எந்த ரிசால்வர் வழியாகக் கேட்டாலும் கேட்பது நீங்கள்தான் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். இப்போது புதிதாகச் சர்வர் வைக்கிறவர்களுக்கு நேராகச் சாவியோடு தொடங்கும்படியே நான் சொல்கிறேன்.

பாதுகாப்பே தடையாகும்போது

இன்னொரு பழுது அரிதானது. ஆனால் கண்டுபிடிக்க மிகவும் கடினமானது என்பதால் சொல்லிவிடுகிறேன். 127.0.0.2 சோதனைக்குப் பிழையும் இல்லாமல், முகவரியும் இல்லாமல், வெறுமையான பதில் வருகிறது. பட்டியல் மறுக்கவில்லை, வழியில் யாரோ பதிலைப் பறித்துக்கொள்கிறார்கள்.

வெளியிலிருக்கும் ஒரு பெயர் நம் உள் வலையமைப்பின் முகவரியைச் சுட்டினால் அது தாக்குதலாக இருக்கலாம் என்று ரிசால்வர்கள் சந்தேகிக்கும். ரீபைண்டிங் தடுப்பு என்று இதற்குப் பெயர். நல்ல பாதுகாப்புதான். ஆனால் தடைப்பட்டியலின் பதில்களே 127இல் தொடங்குபவை அல்லவா? 'உள் முகவரி வெளியிலிருந்து வருகிறது' என்று ரிசால்வர் அதைக் கழித்துவிடுகிறது. அன்பவுண்டில் 'பிரைவேட்-அட்ரஸ்' வரிகளில் 127.0.0.0/8ஐ (127இல் தொடங்கும் எல்லா முகவரிகளையும்) சேர்த்தால் இது நடக்கும். அஞ்சல் தடைப்பட்டியல்கள் பாதிக்கப்படலாம் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. டிஎன்எஸ்மாஸ்க் என்ற இன்னொரு ரிசால்வர் நிரலில் ரீபைண்ட் தடுப்பை இயக்கியிருந்தால், 127 வரிசைக்கு விலக்குத் தரும் 'ரீபைண்ட்-லோக்கல்ஹோஸ்ட்-ஓகே' என்ற வரியையும் சேர்க்க வேண்டும். அலுவலக ரூட்டரே ரிசால்வராக இருக்கும் இடங்களில் இதை மறக்காமல் பாருங்கள்.

பதில் வராமல் நேரம் மட்டும் கடந்தால் ஃபயர்வால் பக்கம் போங்கள். டிஎன்எஸ்ஸுக்கு 53ஆம் எண் வாயில் (போர்ட்) யூடிபி, டிசிபி என்ற இரண்டு அனுப்பும் முறைகளிலும் வெளியே போகத் திறந்திருக்க வேண்டும். அஞ்சல் ஒவ்வொன்றும் சில நொடி தாமதமாக வந்து சேர்கிறது என்று யாராவது சொன்னால், வடிகட்டி செத்துப்போன ஏதோ ஒரு பட்டியலின் வாசலில் காத்துக்கொண்டிருக்கிறது என்று முதலில் சந்தேகப்படுவேன்.

எல்லா அஞ்சலும் திருப்பி அனுப்பப்பட்டால்

இதுவரை சொன்னது ஸ்பேம் உள்ளே வரும் கதை. எதிர்ப்பக்கத்தில் நடப்பது இதைவிடக் கொடியது. ஒரு நாள் காலையில் அலுவலகத்துக்கு அஞ்சலே வருவதில்லை. அனுப்பியவர்களுக்கு 554 என்ற எண்ணோடு, 'உங்கள் சர்வர் தடைப்பட்டியலில் இருக்கிறது' என்று மறுப்பு போகிறது. கூகுள், மைக்ரோசாஃப்ட் உட்பட உலகமே தடைப்பட்டியலில் இருப்பதாகச் சர்வர் சொல்கிறது.

காரணம் பெரும்பாலும் ஒரே ஒரு வரி. போஸ்ட்ஃபிக்ஸில் 'ரிஜெக்ட்_ஆர்பிஎல்_கிளையன்ட்' என்ற விதிக்குப் பக்கத்தில் பட்டியலின் பெயரை மட்டும் எழுதிவிட்டால், எந்த முகவரி பதிலாக வந்தாலும் 'பட்டியலில் இருக்கிறது' என்றே அது எடுத்துக்கொள்ளும். 127.255.255.254 வந்தாலும் அப்படித்தான். ஆக, ரிசால்வரை 8.8.8.8க்கு மாற்றிய அதே சிறு செயல், ஸ்பேம்அசாசினில் குப்பையை உள்ளே விடும். போஸ்ட்ஃபிக்ஸில் நல்ல அஞ்சலை வெளியே துரத்தும். ஒரே நோய்க்கு இரண்டு எதிரெதிர் அறிகுறிகள். தொடக்க நிலையில் இருப்பவர்களை மிகவும் குழப்புவது இதுதான்.

பட்டியல்களும் சாகும், கைமாறும். ஓஆர்டிபி என்ற பட்டியல் 2006 டிசம்பரில் மூடப்பட்டது. அதன் பிறகும் பல சர்வர்கள் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தன. 2008 மார்ச்சில் எல்லாக் கேள்விக்கும் 'ஆம்' என்று பதில் தரத் தொடங்கியது. கேட்பதை நிறுத்தாதவர்களின் அஞ்சல் அன்றே நின்றது. 2015 தொடக்கத்தில் ஏஹெச்பிஎல் பட்டியலும் இதையே செய்தது. 2021 ஜனவரி இறுதியில் நடந்தது எல்லாவற்றையும்விட நல்ல பாடம். சிஸ்கோவின் ஸ்பேம்காப் பட்டியலின் டொமைன் பதிவு புதுப்பிக்கப்படாமல் காலாவதியானது. அந்தப் பெயருக்குக் கீழே எதைக் கேட்டாலும், டொமைன் விற்பனைப் பக்கம் ஒன்றின் ஐபி முகவரி பதிலாக வந்தது. பட்டியல் உயிரோடு இருந்தது, நடத்தியவர்களும் இருந்தார்கள். ஆனாலும் உலகெங்கும் பல சர்வர்கள் நல்ல அஞ்சல்களைத் திருப்பி அனுப்பின.

அந்தப் பதில் 127இல் தொடங்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். பதிலைப் படித்துப் பார்க்கும்படி எழுதப்பட்டிருந்த சர்வர்களுக்கு அன்று ஒன்றும் ஆகவில்லை. எழுதுவது எளிது: பட்டியலின் பெயருக்குப் பின்னால் சமன்குறி போட்டு, நீங்கள் ஏற்கும் விடைகளை மட்டும் குறிப்பிட வேண்டும். ஜென் பட்டியலுக்கு =127.0.0.[2..11] என்று எழுதலாம். போஸ்ட்ஃபிக்ஸ் 2.8 முதல் இந்த வசதி இருக்கிறது. இதைச் சேர்க்காத சர்வர் எதையும் நான் முடித்த வேலையாகக் கருதுவதில்லை.

இன்னும் ஒரு படி மேலே போய், எந்த ஒரு பட்டியலுக்கும் தனியாக அஞ்சலை மறுக்கும் அதிகாரத்தைத் தராமல் இருக்கலாம். போஸ்ட்ஃபிக்ஸின் 'போஸ்ட்ஸ்க்ரீன்' பகுதியில் ஒவ்வொரு பட்டியலுக்கும் ஒரு மதிப்பெண் கொடுத்து, கூட்டுத்தொகை ஒரு வரம்பைத் தாண்டினால்தான் மறுக்கும்படி வைக்கலாம். ஸ்பேம்அசாசின் இயல்பாகவே அப்படித்தான், மொத்தம் 5 புள்ளி வந்தால் ஸ்பேம் என்கிறது. சிறிய அலுவலகத்துக்கு இதுவே பொருத்தம் என்பது என் கருத்து. ஒருவர் மேல் புகார் வந்தால் இரண்டு பேரிடம் விசாரிப்பதுதானே முறை.

பட்டியல் சரி, கேட்ட முகவரி தவறு

சில சமயம் சோதனை எண்கள் இரண்டும் சரியாக வரும். ஆனாலும் முடிவுகள் தவறாக இருக்கும். அப்போது வடிகட்டி யாரைப் பற்றிக் கேட்கிறது என்று பாருங்கள்.

உங்கள் சர்வருக்கு முன்னால், அஞ்சலை முதலில் வாங்கி உங்களுக்குத் தரும் இன்னொரு சர்வர் வாயிலாக இருந்தால், உங்களை வந்து தொடும் ஐபி முகவரி எப்போதும் அந்த வாயிலுடையது. வடிகட்டி அதைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்கும். அது நல்ல முகவரி என்பதால் எப்போதும் 'இல்லை' என்றே பதில் வரும். ஸ்பேம்அசாசினில் 'டிரஸ்டட்_நெட்வொர்க்ஸ்', 'இன்டர்னல்_நெட்வொர்க்ஸ்' என்ற இரண்டு அமைப்புகளிலும் வாயிலின் முகவரியைக் குறிப்பிட்டால், அதைத் தாண்டி வெளியே இருந்தவரைப் பற்றிக் கேட்கும்.

எதிர்ப்பக்கம்: சொந்த ஊழியர் வீட்டிலிருந்தோ கைபேசியிலிருந்தோ அஞ்சல் அனுப்பினால், 'நீங்கள் தடைப்பட்டியலில் இருக்கிறீர்கள்' என்று வருகிறது. அவருடைய வீட்டு முகவரி பிபிஎல்லில் இருக்கும்; இருக்க வேண்டியதும் அங்கேதான். கடவுச்சொல் கொடுத்து நுழைந்தவரை அனுமதிக்கும் விதி, தடைப்பட்டியல் விதிக்கு மேலே எழுதப்பட்டிருக்க வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸ் மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் பொருந்தியதோடு நின்றுவிடும். ஊழியர்களை 587ஆம் எண் போர்ட் வழியாக அனுப்பச் சொல்லி, அங்கே தடைப்பட்டியல் விதிகளையே வைக்காமல் விடுவது இன்னும் தெளிவானது.

டொமைன் பட்டியல்களையும் ஐபி பட்டியல்களையும் கலந்துவிடுவதும் உண்டு. ஸ்பேம்ஹவுஸின் டிபிஎல் டொமைன் பெயர்களுக்கானது. அதனிடம் ஐபி முகவரியைக் கேட்டால் 127.0.1.255 என்று பதில் வரும். 'தவறான கேள்வி' என்பது அதன் பொருள். இந்த வகைப் பட்டியல்களுக்கு ஆர்எஃப்சி 5782 தரும் சோதனைச் சொற்கள் 'டெஸ்ட்', 'இன்வேலிட்' ஆகியவை. முன்னது பட்டியலில் இருக்க வேண்டும், பின்னது இருக்கக்கூடாது.

அஞ்சல் ஒன்று ஏன் பிடிபட்டது, ஏன் தப்பியது என்று குழம்பினால், அந்த அஞ்சலைக் கோப்பாகச் சேமித்து ஸ்பேம்அசாசினுக்கு டீபக் முறையில் கொடுங்கள். அது கேட்ட ஒவ்வொரு டிஎன்எஸ் கேள்வியும் வந்த பதிலும் திரையில் ஓடும். வெளியீடு நீளமாக இருக்கும், பொறுமையாகப் படியுங்கள். எந்தப் பெயர் எந்த ரிசால்வரிடம் கேட்கப்பட்டது என்று கண்ணால் பார்த்துவிட்டால் ஊகத்துக்கு இடமில்லை. ஆனால் அஞ்சல் வந்து நாட்கள் கழித்துச் சோதித்தால் பட்டியலே மாறியிருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். வந்த நேரத்தில் பட்டியலில் இல்லாத முகவரி பத்து நிமிடம் கழித்துச் சேர்க்கப்படுவது அன்றாடம் நடப்பது. அது உங்கள் சர்வரின் பழுது ஆகாது.

எங்கள் அலுவலகத்தில் அன்பவுண்டை நிறுவி, அதன் வழியாகவே கேட்கும்படி மாற்றி, இறுக்கிய விதிகளையெல்லாம் பழைய நிலைக்குக் கொண்டுவந்தேன். அதோடு மணிக்கு ஒருமுறை ஓடும் சிறிய ஸ்கிரிப்ட் ஒன்றும் எழுதினேன். நாங்கள் பயன்படுத்தும் ஒவ்வோர் ஐபி பட்டியலிடமும் 127.0.0.2 இருக்கிறதா, 127.0.0.1 இருக்கிறதா என்று கேட்கும். முதலாவதற்கு எதிர்பார்த்த எண் வராவிட்டாலோ, இரண்டாவதற்கு ஏதேனும் எண் வந்துவிட்டாலோ எனக்குத் தகவல் தரும். ஆர்ஸ்பேம்டி வடிகட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த வகைக் கண்காணிப்பு உள்ளேயே இருக்கிறது. மற்றவர்கள் பத்து வரியில் எழுதிவிடலாம்.

எழுதும்போது ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். அந்தத் தகவலை அதே சர்வருக்கு மின்னஞ்சலாக அனுப்பாதீர்கள். எல்லா அஞ்சலும் மறுக்கப்படும் நாளில் அதுவும் சேர்ந்து மறுக்கப்படும். நான் அதைக் கைபேசிக்கு எஸ்எம்எஸ் ஆக வரும்படி வைத்தேன்.